செம்மண் யானை மென்ற பட்டை

“கல்லுதானே அது?”

“கல்லுக்குக் காது ஆடுமா?”

“காத்துல எதுனா துணி ஆடியிருக்கும்.”

“இந்தக் காட்டுல யாரு துணி காயப்போட்டாங்க? பேசாம இருங்க. இன்னொரு கல்லும் நடக்குது.”

லாரியின் முன்கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்திருந்தார்கள் கணவனும் மனைவியும். விடிந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பாதையின் இரு பக்கமும் இலையுதிர்ந்த முள்மரங்கள். அவற்றின் நடுவே, செங்கல் சூளையிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவை போல, இருபதுக்குக் குறையாத யானைகள் பாதையைக் கடந்துகொண்டிருந்தன. கறுப்பு யானைகள் அல்ல, சாம்பல் நிறமும் இல்லை. தும்பிக்கை நுனியிலிருந்து வால் வரை சிவந்த யானைகள்.

அமிர்தவள்ளி அதுவரை பார்த்தது ஒரே ஒரு யானைதான். பள்ளிகொண்டாவில் கோயில் உற்சவத்தன்று, சாலையோரம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தது. அதன் காலில் சங்கிலி கிடந்தது. இவற்றின் கால்களிலும் அவள் முதலில் சங்கிலியைத்தான் தேடினாள். இல்லை என்று கண்டதும் அவள் கை தானாகக் கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

லாரி ஓட்டி நிசார் அஹமது இயந்திரத்தை நிறுத்தினார். அவர் பேரணாம்பட்டுக்காரர். ஐரோப்பியச் சண்டையின்போது பட்டாளத்து லாரி ஓட்ட ஆப்பிரிக்காவுக்கு வந்தவர், பதினாறு வருஷமாக ஊர் திரும்பவில்லை. யானைகள் தண்ணீருக்குப் பதில் இந்த மண்ணிலேயே குளிப்பதால் வந்த நிறம் அது என்று மெல்லிய குரலில் சொன்னார். இருமக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது, வழி விடும்வரை நாம் இந்த இடத்துக் கல் என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

மொம்பாசா துறைமுகத்தில் இறங்கிய சாமுவேலும் அமிர்தவள்ளியும் ரயிலுக்குக் காசு கொடுக்காமல், மண்ணெண்ணெய் டின்களும் அரிசி மூட்டைகளும் ஏற்றிய இந்த லாரியில் தொற்றிக்கொண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இது மூன்றாம் நாள். இரவில் மூட்டைகளின் மேல் படுக்கை. பகலில் ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகு மாவும் ஊறுகாயும்.

கப்பலிலும் அப்படித்தான். ஆம்பூர் தோல் மண்டி முதலாளி அப்துல் வஹாப் சாயபு, தம் பட்டை மேஸ்திரி சாமுவேலுக்கு மட்டும் இரண்டாம் வகுப்புக் கட்டணம் கொடுத்து அனுப்பினார். சாமுவேல் அதை இரண்டு மலிவான மேல்தளச் சீட்டுகளாக மாற்றிக்கொண்டான். மேஸ்திரி வெளிநாட்டில் தனியாக அலைகிறான் என்றுதான் முதலாளி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மனைவி மேல் உள்ள ஆசையால் மட்டும் அவன் அப்படிச் செய்யவில்லை. அவள் இல்லாமல் அவனால் வேலை செய்ய முடியாது.

தோலைப் பதப்படுத்த மரப்பட்டை வேண்டும். ஆவாரம்பட்டை போதாமல் போன பிறகு, இந்த ஆப்பிரிக்க தேசத்துப் பட்டைதான் ஆம்பூர்த் தோல் குழிகளுக்குக் கப்பலில் வருகிறது. பட்டை நல்லதா என்று அறியக் கருவி ஒன்றும் கிடையாது, மேஸ்திரியின் நாக்குதான். ஒரு துண்டை ஒடித்து மெல்ல வேண்டும். துவர்ப்பு வாயை இழுத்து உலர்த்திவிடும். மறுபடி எச்சில் ஊறும்வரை விரல் கணுக்களில் எண்ண வேண்டும். முப்பதுக்கு மேல் போனால் நல்ல சரக்கு. மழையில் நனைந்து காய்ந்த பட்டை பத்துக்குள் ஊறிவிடும். அதை நம்பிக் குழியில் போட்ட தோல், மேலே பழுத்தாலும் நடுவில் பச்சையாகவே நிற்கும்.

சாமுவேலுக்கு ருசியும் வாசனையும், வாய் உலர்வதும் ஊறுவதும் தெரியும் நாக்குணர்வும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. டைபாயிடு காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அதை முதலில் கண்டுபிடித்தவள் அமிர்தவள்ளி. ஒரு நாள் உப்பே போடாத குழம்பை அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து பகல் சாப்பாட்டுத் தூக்கை அவளே மண்டிக்கு எடுத்துப் போனாள். அவன் சட்டைப்பையில் போட்டு வைத்திருக்கும் துண்டுகளைக் கிணற்றடியில் மறைவாக மென்று பார்ப்பாள். முந்தானை வலது தோளில் கிடந்தால் வாங்கலாம், இடது தோளுக்கு மாறினால் வேண்டாம். அவள் மாதனூர்ப் பெண். அவள் அம்மா குன்றுகளில் ஆவாரம்பட்டை உரித்து விற்றவள். ஆறு வயதிலிருந்தே அவள் வாய்க்குப் பட்டை தெரியும்.

மேஸ்திரி என்ற பெயரைச் சம்பாதிக்க சாமுவேலுக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் அப்பா வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டே பேசிய அதே முதலாளியின் முன்னால், அவனுக்கு இன்று ஒரு முக்காலி உண்டு. அந்த முக்காலி இப்போது அமிர்தவள்ளியின் நாக்கின் மேல் நின்றது.

யானைகள் போகவில்லை. எல்லாவற்றிலும் பெரியது, காது கிழிந்த ஒன்று, பாதையோரத்து மரத்தடியில் நின்றது. தந்தத்தால் மரத்தைக் குத்தி, தும்பிக்கையால் பட்டையை ஒரு முழ நீளத்துக்கு உரித்து வாயில் போட்டது. மற்றவை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன. சற்று மென்றுவிட்டு அது பட்டையைக் கீழே துப்பியது. அடுத்த மரத்துக்குப் போய் அங்கும் உரித்து, நிதானமாக மென்று, விழுங்கியது. அதன் பிறகுதான் கூட்டம் அந்த மரத்தைச் சூழ்ந்தது. குட்டிகள் பெரியவற்றின் கால்களுக்கு இடையே புகுந்து உதிர்ந்ததைப் பொறுக்கின.

“நம்ம வேலைக்காரன்தான்,” என்றான் சாமுவேல் கிசுகிசுப்பாக. “பட்டை மேஸ்திரி.”

நிசார் அஹமதுவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. “அது பொட்டை யானை, மேஸ்திரி. இந்தக் கூட்டத்துல எங்க போவணும், இன்னா தின்னணும்னு எல்லாம் அதுதான் சொல்லும். ஆம்பளைங்களுக்கு வயசு வந்தா தொரத்திடும்.”

அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. அந்தக் கிழிந்த காதையும், மெல்லும்போது பாதி மூடிய சிறிய கண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கண்ணின் பார்வை அவளுக்குத் தெரியும். எண்ணும்போது தன் கண்ணும் அப்படித்தான் பாதி மூடும் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு கிழிந்த காது ஒரு முறை விரிந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் இருபது யானைகளும் ஒரே சமயத்தில் திரும்பி நடந்தன. அவ்வளவு பெரிய உடம்புகள் முள்காட்டுக்குள் புகுந்தபோது சருகு மிதிபடும் சத்தம்கூட எழவில்லை. சிவப்புத் தூசு மட்டும் வெயிலில் மெல்ல இறங்கியது. அவை அங்கே நின்றதற்கு அதைத் தவிரச் சாட்சி இல்லை.

காடு அடங்கியதென்று நிசார் அஹமது சொன்ன பிறகு மூவரும் கீழே இறங்கினார்கள். அப்போதுதான் அமிர்தவள்ளி ஒரு தவறு செய்தாள்.

யானை துப்பிய மரத்தடிக்குப் போனாள். உரிந்து தொங்கிய பட்டையின் உள்பக்கத்தில் ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டாள். கண் பாதி மூடியது. கட்டைவிரல் கணுக்களின் மேல் ஓடத் தொடங்கியது. துப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய் அங்கும் ஒரு துண்டு எடுத்தாள். வியப்பில் தன்னை மறந்திருந்தாள். ஒரு பெரிய உயிர் சொன்னது சரிதானா என்று பார்க்கும் ஆசை அது.

“மொதல் மரம் ஒரே கசப்பு,” என்றாள் திரும்பி, முகம் மலர. “ரெண்டாவது துவர்க்குது, கடைசியில கொஞ்சம் தித்திப்பு. அது சரியாத்தான் சொல்லிச்சு.”

சாமுவேலின் முகம் வெளுத்திருந்தது. நிசார் அஹமது பார்த்தது பட்டையை அல்ல, அவள் விரல்களை. தோல் மண்டிகள் நிறைந்த பேரணாம்பட்டில் பிறந்தவருக்கு அந்த எண்ணிக்கை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“தங்கச்சிக்கு மேஸ்திரி பழக்கம் ஒட்டிக்கிச்சு போலக் கீது,” என்றார்.

தன் அம்மா ஆவாரம்பட்டை விற்றவள் என்று அவள் சொன்ன பதிலை அவர் கேட்டுக்கொண்டார். வேறொன்றும் கேட்காமல் லாரியின் முன்னால் போய், இயந்திரத்தைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினார்.

 நிசார் அஹமதுவின் தம்பி லியாகத் அலி, அப்துல் வஹாப் சாயபுவின் மண்டியிலேயே குமாஸ்தா. அண்ணனிடமிருந்து மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அதை லியாகத் அலி மண்டியில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவான். மனைவி கூட வந்ததை எழுதினால் சிரித்துவிட்டுப் போவார்கள், அவள் எண்ணியதை எழுதினால் முக்காலி போய்விடும் என்று சாமுவேல் நினைத்தான்.

எட்டு மணி சுமாருக்குப் பாதை ஒரு மேட்டில் ஏறியது. இடப்புறம் வெகு தொலைவில் மேகம் திரண்டிருந்தது. அதன் மேல் இன்னொரு மேகம், வெள்ளையாக, அசையாமல். வெகுநேரம் ஆகியும் அது கலையவில்லையே என்று அமிர்தவள்ளி கேட்டாள்.

“அது மேகம் இல்ல. மலை,” என்றார் நிசார் அஹமது.

அவள் நம்பவில்லை. மலை என்றால் தரையிலிருந்து எழ வேண்டும், ஜவ்வாது மலை போல. இது வானத்தில் தனியாக மிதந்தது. கீழே நீலம், நடுவே மேகம், அதற்கும் மேலே, யாரும் போய் வைத்திருக்க முடியாத உயரத்தில், சுண்ணாம்பு பூசியது போல ஒரு தலை. வெள்ளையாக இருப்பது பனி என்று அறிந்ததும் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கோயிலுக்குள் நுழையும்போது செய்வது போல.

சாமுவேல் வழக்கம்போல் அவள் காதருகே குனிந்தான். “இன்னா வாசனை வருது?”

இந்தப் பயணத்தில் அவன் அடிக்கடி கேட்ட கேள்வி அது. கடலின் வாசனையை, மொம்பாசாவின் கிராம்பு மூட்டை வாசனையை, முதல் மழையில் இந்தச் செம்மண் விட்ட மூச்சை, எல்லாவற்றையும் அவள்தான் சொல்லி அவனுக்குக் கொடுத்தாள்.

“ஒண்ணுமே இல்ல,” என்றாள். “கழுவி வச்ச பாத்திரம் மாதிரி. ஆம்பூர்ல காத்துக்கே ஒரு வாசனை இருக்கும் இல்ல? இங்க காத்து வெறும் காத்தா இருக்குது.”

அவன் தலையசைத்தான். கண்ணில் மலை இருந்தது. மனதில் லியாகத் அலி படிக்கப்போகும் கடிதம் இருந்தது.

மதியம் சாய்ந்த பிறகு மரங்கள் நின்றுபோயின. புல்வெளி தொடங்கியது. அது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. புல் வானத்தில் போய்த்தான் முட்டியது. அந்த வெளியின் நடுவில் லாரியின் தண்ணீர் கொதித்துப் புகைந்தது. நிசார் அஹமது மூடியைத் துணியால் திறந்துவிட்டு, ஆறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

முதல் பத்து நிமிஷம் வெளி வெறுமையாகத்தான் தெரிந்தது. பிறகு கண் பழகியது. மேகத்தின் நிழல் என்று நினைத்தது நிழல் இல்லை, ஆயிரக்கணக்கில் மேயும் தாடி வைத்த மாடுகள். தூரத்துப் புல்லில் அனல் அசைகிறது என்று நினைத்தது வரிக்குதிரைகள். ஞாயிறு பள்ளிக்கூடத்துச் சுவர்ப்படத்தில் நோவாவின் பேழையருகே இரண்டே இரண்டாக நின்ற அந்தப் பிராணி, இங்கே எண்ண முடியாத கூட்டமாக நின்று, லாரியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வாலை ஆட்டியது. ஒட்டகச்சிவிங்கி ஒன்று, ஆம்பூர் மாதா கோயில் மணிக்கூண்டு எழுந்து நடப்பது போல, அவர்களுக்குக் குறுக்கே நடந்து போனது.

“சுண்ணாம்புக் குழியில போட்டா இந்த வரி ரோமத்தோட போய்டுமா, தோல்லயும் இருக்குமா?” என்று சாமுவேல் கேட்டான். பயத்திலும் அவனுக்குத் தொழில் புத்தி போகவில்லை.

அமிர்தவள்ளி அவனை ஒரு பார்வை பார்த்தாள். “உசுரோட நிக்கும்போதே குழியில போட்டுட்டீங்களா?”

மூவரும் சிரித்தார்கள். ஒரு சிங்கத்தையும் காணோம், ஊரில் அதைத்தானே முதலில் கேட்பார்கள் என்று சாமுவேல் குறைப்பட்டுக்கொண்டான். பார்த்ததாகவே சொல்லிவிடலாம், ஆம்பூரிலிருந்து யார் வந்து விசாரிக்கப்போகிறார்கள் என்றார் நிசார் அஹமது. பாலில்லாத் தேநீரை டப்பாவில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, போகிற போக்கில் அந்தச் சேதியையும் சொன்னார்.

நைரோபியில் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பட்டைக் கொட்டகைக்குத்தான் அவர்கள் போக வேண்டும். அங்கே மானேஜர் ஒரு கோவாக்காரர். மாதிரியை வெளியே எடுத்துப் போக விடமாட்டார். ஒரு துண்டை இரண்டாக ஒடித்துப் பாதியைத் தம் வாயில் போட்டு, மறு பாதியை வாங்க வந்தவரிடம் நீட்டுவார். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இருவரும் மெல்ல வேண்டும். எண்ணிக்கையைத் தனித்தனிச் சிலேட்டில் எழுதிவிட்டு, ஒன்றாகத் திருப்ப வேண்டும். கட்டுகளுக்கு நடுவே, நனைந்து காய்ந்த கட்டு ஒன்றை வேண்டுமென்றே வைத்திருப்பார். அதைக் கண்டுபிடித்தவனுக்குத்தான் உள் அறையில் உள்ள முதல்தரச் சரக்கைத் திறப்பார். தவறவிட்டவன் தலையில் அந்த நனைந்த சரக்கையே கட்டி அனுப்பிவிடுவார்.

“ஏமாத்தறார்னு சொல்ல முடியாது. நாக்கு இல்லாதவன் எதுக்குப் பட்டை வாங்க வர்றான்னு கேக்கறார். வாஸ்தவம்தானே?”

சாமுவேல் டப்பாவைக் கீழே வைத்தான்.

மொம்பாசா வியாபாரியிடம் பிழைத்தது, வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பட்டையை வெளியே கொண்டுவந்ததால்தான். குடையின் கீழ் உட்கார்ந்திருந்த அமிர்தவள்ளி ஒரு துண்டை மறைவாக மென்று முந்தானையை மாற்றிப் போட்டாள், காரியம் முடிந்தது. இங்கே அது நடக்காது. ஆறு மாதத்துக்கு வேண்டிய பட்டை. நூற்றுக்கணக்கான தோல். ஒரு சிலேட்டில் தப்பான எண்ணை எழுதினால் எல்லாம் போய்விடும்.

“தங்கச்சி, நல்லாப் பாத்துக்குங்க,” என்றார் நிசார் அஹமது, வெளியைக் காட்டி. “இந்த மாசக் கடுதாசியில எழுதறதுக்கு ஜாஸ்தி விஷயம் கீது.” எதைச் சொன்னார் என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. தண்ணீர் டின்னை எடுத்துக்கொண்டு லாரியின் மறுபக்கம் போய்விட்டார்.

கணவனும் மனைவியும் தனியாக நின்றார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டால் என்ன என்று சாமுவேல் கேட்டான். சரக்கு ஏற்றும் கப்பல் சனிக்கிழமை, காய்ச்சலுக்காக அது நிற்காது என்றாள் அவள். மானேஜர் முகத்தைப் பார்த்தே எழுதிவிடலாமா என்றான். பதினெட்டு வருஷமாக உங்கள் முகத்தைப் பார்த்து யாராவது எண்ணிக்கை சொன்னார்களா என்று அவள் கேட்டாள். 

அவளுக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்காத அளவுக்குப் பெரிதாக இருந்தது எதிரே விரிந்த வெளி. ஒரு வரிக்குதிரைக் குட்டி, பிறந்து சில நாள்தான் இருக்கும், தாயின் வயிற்றோடு ஒட்டி நின்று அவளையே பார்த்தது. ஆயிரம் வரிகளுக்கு நடுவே அது தன் தாயின் வரியை எப்படிக் கண்டுபிடித்தது? கிணற்றடியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று பயந்து பயந்து மென்ற பகல்களை அவள் நினைத்தாள். அந்தச் சுவருக்கு அப்பால் உலகம் இவ்வளவு தூரம் கிடந்திருக்கிறது.

நைரோபிக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. கொட்டகை ஆறு மணிக்கு மூடும். தகரக் கூரை, நீண்ட மேடை, மேடையில் ஆள் உயரத்துக்குப் பட்டைக் கட்டுகள். லாரி நின்றதும் அமிர்தவள்ளி மூச்சை இழுத்தாள். அவள் முகம் மாறியதைக் கண்டு, இத்தனை கலக்கத்திலும் சாமுவேல் பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

“இன்னா வாசனை?”

“நம்ம ஊரு,” என்றாள்.

அவன் கண் கலங்கியது. அதை மறைக்கத் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

நிசார் அஹமது முன்னால் போய்க் கதவைத் தட்டினார். திறந்த கதவு வழியே உள்ளே தெரிந்தது: ஒரு மேஜை, இரு பக்கமும் இரண்டு நாற்காலிகள், துடைத்து வைத்த இரண்டு சிலேட்டுகள். வெள்ளைக் கோட்டுப் போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் பட்டைக் கட்டிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டிருந்தார். ஆம்பூர் மேஸ்திரி வந்திருக்கிறார் என்று நிசார் அஹமது இந்துஸ்தானியில் சொல்லி, வழிவிட்டு, ஆனால் போகாமல் கதவோரமே நின்றுகொண்டார்.

சாமுவேல் ஓர் அடி எடுத்து வைத்தான்.  நீ லாரியிலேயே இரு, கர்த்தர் விட்ட வழி என்று முணுமுணுத்தான்.

அமிர்தவள்ளி லாரியில் இருக்கவில்லை. இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். இடது தோளிலும் இல்லாமல் வலது தோளிலும் இல்லாமல் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ரவிக்கையின் மடிப்பில் இன்னும் சிவப்புத் தூசு ஒட்டியிருந்தது.

“ஏங்க,” என்றாள். குரல் தாழ்ந்திருந்தாலும் நிசார் அஹமதுவுக்குக் கேட்கும்படிதான் இருந்தது. “ஒண்ணரை வருஷமா நீங்க கேட்டதுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். அவர் ஒடிச்சு நீட்டும்போது நீங்க கை நீட்டாதீங்க. ‘இவ கையில குடுங்க’ன்னு உங்க வாயால சொல்லுங்க.”